கரை

மத்தியானம் மின்சாரம் போய் வந்த அடுத்த நிமிடம்
ஜீப்பும் வந்தது.
நாலு தறியில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன.
நாலாவதுக்கு நாடா ஒடிந்து
சோமனூருக்குச் சாமான் வாங்க ஆள் போயிருந்தான்.

அதிகாரி நல்ல மனுசன். தண்ணி கேட்டுக் குடித்தார்.
செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வந்தார்.
பையிலிருந்து ஸ்கேல் எடுத்தார்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பது போல ஒன்று.
மூன்றாம் தறி வேட்டியில்
கரையின் மேல் வைத்தார்.

"கருணாம்பா, இது கைத்தறிக்கு ஒதுக்கின ரகம்."

நொய்யலுக்குக் கரை ரெண்டு.
வேட்டிக்கும் ரெண்டு.
துணி இங்கே முடிகிறது என்று
கண்ணுக்குச் சொல்ல ஒரு கோடு, அவ்வளவுதான்.
அதைப் பச்சையில் போடச் சொன்னார் கோபி ஜவுளிக்கடைக்காரர்,
கண்ணாலத்துக்கு ஒறம்பரைக்குக் கொடுக்க நூறு உருப்படி.
அவருக்கு வேண்டும், எனக்கு முடியும்,
விலை பேசினோம், தீர்ந்தது.
அந்தப் பேச்சுக்கு நடுவில் மூன்றாவது நாற்காலி
யார் போட்டதென்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

"யாருக்குங்க ஒதுக்கினது?"
"கைத்தறிக்காரனுக்கு. அவன் பொழைக்கணுமில்ல?"

பொழைக்கணும். அதில் எனக்கென்ன வம்பு.
"ராக்கியண்ணா, சித்தெ இங்க வாங்க."
தறியை நிறுத்திவிட்டு
காதுப் பஞ்சை எடுத்தபடி வந்தார்.
சென்னிமலையில் இருபத்தொரு வருசம் குழித்தறி.
ஐப்பசியில் குழிக்குள் தண்ணி ஊறும், கெண்டைக்கால் வரை.
அதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.
தறியை விறகுக்குப் போட்டுவிட்டு
என்னிடம் வந்து ஏழு வருசம்.
இந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான்.

சட்டம் யாரைக் காக்கிறதோ அந்த ஆள்
சட்டம் பிடித்த தறியின் முன்னால் நின்றார்.
அதிகாரிக்கும் அது தெரிந்தது.
பேனாவை ஒருமுறை உதறினார். எழுதியது.

மகஜருக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும்.
ராக்கியண்ணன் போட்டார், நிதானமாக,
ஒரு புள்ளி விடாமல்.
"எனக்காகப் போட்ட சட்டந்தானுங்களே,
நான் போடாம வேற யார் போடுவாங்க?"
கிண்டலா, வெகுளியா,
ஏழு வருசம் பழகியும் எனக்குத் தெரியவில்லை.

வேட்டியில் ஒரு முழம் வெட்டி உறையில் போட்டார்கள்.
ஓட்டக் கூடாது என்று தறியில் ஒரு காகிதம்.
நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.
"தைப்பொங்கலுக்கு நீங்க தர்ற வேட்டியிலயும்
கரை இருக்குதுங்களே, அதும் விசைத்தறிதானுங்களே?"
"அது கலப்பு நூலும்மா. இது பருத்தி."
ஆக, குற்றம் கரையிலும் இல்லை, தறியிலும் இல்லை,
காட்டில் வெடித்த பஞ்சில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு வராது.
சுவரில் ஓடுகிற அந்த மின்பெட்டிக்குச்
சலுகை யூனிட் கேட்டு
பல்லடத்து வெயிலில் கோஷம் போட்டவள் நான்.
மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது. கிடைத்தது.
கயிற்றின் இந்த முனையைத்தான் அன்று பார்த்தேன்.

ஜீப் போன பிறகு ஷெட்டில் ரெண்டு தறிச் சத்தம்.
மூன்றுக்குப் பழகின காதுக்கு
யாரோ நொண்டி நடப்பது போல இருந்தது.
ராக்கியண்ணன் தூக்குப்போசியைக் கழுவி எடுத்தார்.
மீட்டருக்கு இத்தனை என்று கூலி,
ஓடாத தறிக்கு மீட்டர் ஏது.
"நாளைக்கு வரட்டுங்களா?"
"வந்து என்னங்க பண்றது?"
"அப்பறம் எங்கீங்க போறது."

காப்பாற்றப்பட்டவர்
சைக்கிளில் காற்றில்லை என்று
தள்ளிக்கொண்டே போனார்.

தகரக் கூரைமேல் ஒரு காக்கை கரைந்தது.
இனி யார் வரப் போகிறார்களோ.